கான்கிரீட் தளத்தின் மேல் ஸ்பாட்டட் கம் பலகை: ரீப்பரா, பிளைவுட்டா, நேரடிப் பசையா?

கேள்வி – டூங்காபிவாசி

அனைவருக்கும் வணக்கம். சிட்னியின் மேற்குப் பகுதியில், டூங்காபியில், 1978-இல் கட்டப்பட்ட இரண்டு தள வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். கீழ்த்தளம் மண்ணின் மீது நேரடியாக வார்க்கப்பட்ட கான்கிரீட். அதன் மேல் சுவருக்குச் சுவர் கார்பெட் போட்டிருக்கிறார்கள். வரவேற்பறை, சாப்பாட்டு அறை, நடைவழி மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 60 சதுர மீட்டர் வரும். அங்கெல்லாம் கார்பெட்டை எடுத்துவிட்டு 130 மி.மீ. அகலமும் 19 மி.மீ. தடிமனும் உள்ள ஸ்பாட்டட் கம் (ஆஸ்திரேலிய யூகலிப்டஸ் வகை மரம்) திடமரப் பலகை பதிக்க விரும்புகிறோம். மேலே மரப்படம் ஒட்டிய லாமினேட் வேண்டாம் என்பதில் வீட்டில் எல்லோரும் ஒரே கருத்தில் இருக்கிறோம்.

மூன்று ஒப்பந்தக்காரர்களை அழைத்து விலை கேட்டேன். ஒருவர் கான்கிரீட்டின் மேல் 35 மி.மீ. ரீப்பர் சட்டம் அடித்து அதன் மேல் பலகையை ஆணியடிப்பதே முறை என்கிறார். மற்றொருவர் 15 மி.மீ. பிளைவுட் விரித்து அதில் பதிக்க வேண்டும் என்கிறார். மூன்றாமவரோ இவை இரண்டும் வீண் செலவு, பசையைத் தடவிக் கான்கிரீட்டிலேயே ஒட்டிவிடலாம் என்கிறார். மூவரும் வெவ்வேறு வேலைக்கு விலை சொல்வதால் அவற்றை ஒப்பிடவும் முடியவில்லை. எந்த முறை எங்கள் வீட்டுக்குப் பொருந்தும்?

இன்னும் இரண்டு செய்திகள். சாப்பாட்டு அறையில் கார்பெட்டின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தபோது, அடியில் ஒன்பது அங்குலச் சதுரமாகப் பழைய வினைல் ஓடுகளும், ஓரிரண்டு பெயர்ந்த இடத்தில் கறுப்புப் பசையும் தெரிந்தன. பசையால் ஒட்டலாம் என்றவர், இவற்றை அரவை இயந்திரத்தால் ஒரே காலையில் தேய்த்து எடுத்துவிடுவதாகச் சொன்னார். சமையலறையில் உள்ள பீங்கான் ஓடு அப்படியே இருக்கப் போகிறது. மாடிப்படி வரவேற்பறையிலிருந்து தொடங்குகிறது. தரை உயர்ந்தால் இவற்றை எப்படிச் சரிசெய்வது என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 – தச்சுக்கூடம்

வணக்கம். எந்த முறை என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளி வையுங்கள். அந்த வினைல் ஓட்டின் மீது அரவை இயந்திரத்தை யாரும் வைக்க விடாதீர்கள். தூக்கிய கார்பெட் மூலையையும் மெதுவாக முன்போலவே மூடிவிடுங்கள். 1978-ஆம் ஆண்டு வீடு, ஒன்பது அங்குல ஓடு, கறுப்புப் பசை ஆகிய மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால், சோதனையில் இல்லை என்று வரும்வரை அதில் ஆஸ்பெஸ்டாஸ் (மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் நார்க் கனிமம்) இருப்பதாகவே கொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவில் அதற்கு முழுத் தடை வந்தது 2003 டிசம்பர் 31 அன்றுதான். எழுபதுகளின் வீடுகளில் அது ஓட்டில், பசையில், குளியலறைச் சுவர்ப் பலகையில், கூரையோரத் தகட்டில் என்று பல இடங்களில் ஒளிந்திருக்கும்.

ஓடு முழுதாகப் படுத்துக் கிடக்கும்வரை அதனால் பெரிய ஆபத்து இல்லை. நார்கள் சிமென்ட் போலக் கெட்டியான பொருளுக்குள் கட்டுண்டிருக்கும். அதையே இயந்திரத்தால் அரைத்தால் நார் தூளாகி வீடு முழுவதும் பரவும், ஏசிக் குழாய்க்குள்ளும் போய்விடும். ஆகவே நாட்டா (NATA, ஆய்வகங்களுக்குத் தரச் சான்று தரும் ஆஸ்திரேலிய அமைப்பு) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு ஓட்டிலிருந்து ஒரு துண்டும் பசையிலிருந்து ஒரு துண்டும் தனித்தனியாக அனுப்புங்கள். பலர் ஓட்டை மட்டும் அனுப்பிவிட்டுப் பசையை மறந்துவிடுகிறார்கள். மாதிரி எடுக்கவும் அதற்கென உள்ளவரையே அழைப்பது நல்லது. ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்று வந்தால், 10 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பரப்பை உரிமம் பெற்றவர்தான் அகற்ற வேண்டும் என்பது சட்டம். உங்கள் சாப்பாட்டு அறை அந்த அளவைத் தாண்டும் என்றே நினைக்கிறேன்.

அகற்றாமல் அதன் மேலேயே பிளைவுட்டை அடித்து மூடிவிடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். பிளைவுட்டைக் கான்கிரீட்டில் பிடிக்க வைக்க ஒவ்வொரு தாளுக்கும் பல துளைகள் போட வேண்டும், ஒவ்வொரு துளையும் அந்த ஓட்டைத் துளைத்துக்கொண்டுதான் போகும். ஆகவே அதுவும் வழியல்ல.

"ஒரே காலையில் தேய்த்து எடுப்பேன்" என்றவருக்கு உரிமம் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? நியூ சவுத் வேல்ஸில் கூலியும் பொருளும் சேர்ந்து 5,000 டாலரைத் தாண்டும் வீட்டுக் கட்டட வேலைக்கு ஒப்பந்தக்காரர் உரிமம் வேண்டும். 60 சதுர மீட்டர் திடமரம் அந்தத் தொகையை எளிதில் தாண்டும். ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத வெறும் கான்கிரீட்டை அரைப்பதற்கும் தூசு உறிஞ்சி இணைத்த இயந்திரமும் முகக்கவசமும் தேவை, ஏனெனில் அதிலிருந்து எழும் சிலிக்காத் தூசும் நுரையீரலைக் கெடுக்கும்.

மறுமொழி 2 – ஈரமானி

மேலே சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். அடுத்து வருவது ஈரம். மூன்று ஒப்பந்தக்காரர்களில் ஒருவராவது உங்கள் தளத்தின் ஈரத்தை அளந்து பார்த்தாரா? நீங்கள் எழுதியதில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அளக்காமல் முறையைச் சொல்பவர், நாடி பார்க்காமல் மருந்து எழுதுபவர்.

இந்த ஊரில் தரைக்கான திடமரப் பலகை பொதுவாக 9 முதல் 14 சதவீத ஈரத்துடன் விற்கப்படுகிறது. மரம் காற்றிலிருந்தும் அடித்தளத்திலிருந்தும் ஈரத்தை வாங்கி அகலவாட்டில் விரியும், உலர்ந்தால் சுருங்கும். நீளவாட்டில் அந்த மாற்றம் கணக்கில் கொள்ளத்தக்க அளவு இராது. ஸ்பாட்டட் கம் மரத்துக்கு ஈரம் ஒரு சதவீதம் கூடினால் அகலம் ஏறத்தாழ 0.38 சதவீதம் கூடும். நான்கு மீட்டர் அகல அறையில் 3 சதவீதம் ஈரம் ஏறினால் கணக்குப்படி 45 மி.மீ. விரிவு வரும். நடைமுறையில் பலகைகள் ஒன்றையொன்று நெருக்கியும், பசையும் ஆணியும் இழுத்துப் பிடித்தும், அதில் பெரும்பகுதி அடங்கிப்போகும். ஆனால் சுவரோரத்தில் விடும் 10 மி.மீ. இடைவெளி மட்டும் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடாது என்பது இந்தக் கணக்கிலிருந்தே தெரியும்.

இதைவிடத் தொல்லையானது, பலகையின் அடிப்பக்கம் மட்டும் ஈரமாவது. கீழ்முகம் விரிந்து மேல்முகம் அப்படியே இருந்தால் ஒவ்வொரு பலகையும் ஓரங்கள் உயர்ந்து நடுவில் குழிந்துவிடும். மாலை வெயில் சன்னல் வழியே சாய்ந்து விழும்போது தரை முழுவதும் அலையலையாகத் தெரியும். அப்போது அவசரப்பட்டு மேடான ஓரங்களை இழைத்துவிட்டால், பிறகு அடி ஈரம் உலர்ந்து பலகை நிமிரும்போது இழைத்த ஓரம் தாழ்ந்து நடு மேடாகிவிடும். அதைச் சரிசெய்ய மீண்டும் மரத்தைத் தின்ன வேண்டும்.

நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட கான்கிரீட்டில் எப்படி ஈரம் இருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். புதுக் கான்கிரீட் உலர்வதற்கு 25 மி.மீ. தடிமனுக்கு ஒரு மாதம் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. அந்த ஈரம் உங்கள் வீட்டில் எப்போதோ போயிருக்கும். பழைய வீட்டில் ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. தளத்துக்கு அடியில் விரித்த பாலித்தீன் குழாய் ஏறும் இடத்தில் கிழிந்திருக்கலாம். வெளியே பூப்பாத்தியை உயர்த்திக் கட்டித் தளத்தின் ஓரத்தையே மண்ணால் மூடியிருக்கலாம். மேற்கு சிட்னியின் களிமண் நீரை எளிதில் விடாது, பல இடங்களில் உப்பும் கலந்தது. வெளிச்சுவரின் அடிவரிசைச் செங்கலில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்று ஒரு சுற்று நடந்து பாருங்கள்.

அளக்கும் முறையிலும் கவனம் வேண்டும். பாலித்தீன் துண்டை ஒட்டி வைத்து அடியில் வியர்க்கிறதா என்று பார்ப்பது மேற்பரப்பை மட்டும் காட்டும். நம்பத்தக்க முறை, தளத்தின் தடிமனில் 40 சதவீத ஆழத்துக்குத் துளையிட்டு, உறைக்குள் உணரியை வைத்து, உள்ளே நிலவும் ஒப்பீரப்பதத்தை அளப்பதுதான். தளம் 100 மி.மீ. என்றால் துளை 40 மி.மீ. அறைக்கு ஓரிடமாவது, வெளிச்சுவரை ஒட்டி ஓரிடமாவது அளக்கச் சொல்லுங்கள். 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தடுப்பு இல்லாமல் மரம் பதிப்பதை நினைக்கவே வேண்டாம். என்னைக் கேட்டால், மண்ணின் மீதுள்ள எந்தத் தளத்துக்கும், அளவு என்னவாக இருந்தாலும், தடுப்பைப் பூசிவிடுவேன், ஏனெனில் இன்று கிடைக்கும் அளவு இன்றைய மழைக்கு உரியது.

மறுமொழி 3 – வன்னிமரம்

வணக்கம் தம்பி. நான் மெல்பேணில் இருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டுக் கொங்கிறீற் நிலத்தின் மேல் பிளைவுட் விரித்துத்தான் பலகை பதித்திருக்கிறோம், நடக்கும்போது காலுக்கு இதமாக இருக்கிறது. நேரே கொங்கிறீற்றில் ஒட்டிய தரையில் நின்று சமைத்தால் மாலையில் கணுக்கால் சொல்லிவிடும். ரீப்பர் அடித்த தரை இன்னும் மென்மைதான், ஆனால் அடியில் வெற்றிடம் இருப்பதால் பிள்ளைகள் ஓடினால் மத்தளம் மாதிரிக் கேட்கும்.

பிளைவுட் முறையில் எங்களுக்கு வேலை செய்தவர் வலியுறுத்தியவற்றைச் சொல்கிறேன். முதலில் 0.2 மி.மீ. பாலித்தீன், ஒன்றன் மேல் ஒன்று 200 மி.மீ. ஏறி, மூட்டுகளில் ஒட்டுநாடா ஒட்டி, சுவரோரத்தில் மேலே மடித்து விடப்பட்டது. அதன் மேல் கட்டுமானத் தரப் பிளைவுட், தாளுக்குத் தாள் 6 மி.மீ. இடைவெளி, சுவருக்கு 10 மி.மீ. இடைவெளி, மூட்டுகள் ஒரே கோட்டில் வராதபடி செங்கல் அடுக்கும் ஒழுங்கில். தரப்படுத்தாத மலிவான பிளைவுட்டை வாங்க வேண்டாம், அடுக்குகள் விட்டுப்போனால் பிறகு எந்த ஆணியும் நிற்காது. பலகையை நாக்குப் பக்கத்தில், அதாவது அடுத்த பலகையின் பள்ளத்துக்குள் நுழையும் ஓர நீட்சி உள்ள பக்கத்தில், சாய்வாக ஆணியடித்து, கூடவே பசையும் இட்டார்கள். 130 மி.மீ. அகலப் பலகைக்கு ஆணி மட்டும் போதாது என்பது அவருடைய உறுதியான கருத்து.

மறுமொழி 4 – நேர்பசை

பிளைவுட் அணியினருக்கு ஒரு கேள்வி. பாலித்தீனை ஈரத்தடுப்பு என்று விரித்துவிட்டு, உடனே அதைக் கான்கிரீட் வரை நூற்றுக்கணக்கான இடங்களில் துளைக்கிறீர்களே, அது என்ன தடுப்பு? சற்று ஈரமான தளத்தில் அது ஈரத்தின் வேகத்தைக் குறைக்குமே ஒழிய நிறுத்தாது. ஈரம் கூடிய தளத்தில், பிளைவுட்டுக்கு அடியிலும் பூசும் வகைத் தடுப்பே தேவைப்படும்.

நேரடியாக ஒட்டும் முறைக்கு இங்கே கெட்ட பெயர் வந்ததற்குக் காரணம் முறை அல்ல, அடித்தளத்தைத் தயார் செய்யாமல் ஒட்டுவதுதான். தளத்தை வைரச் சக்கரத்தால் தேய்த்து, மேலே படிந்த பலவீனமான சிமென்ட் பால், பழைய கார்பெட் பசை, பெயின்ட் துளி எல்லாம் போன பிறகு, ஒரு துளி நீர் விட்டுப் பாருங்கள். அது முத்தாக நின்றால் இன்னும் ஏதோ படலம் இருக்கிறது, உறிஞ்சினால் தளம் தயார். 1.5 மீட்டர் நேர்க்கோலை வைத்தால் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரியக் கூடாது. மேட்டை அரைத்து, பள்ளத்தைச் சமன்செய் கலவையால் நிரப்ப வேண்டும். அதன் மேல் இரண்டு பூச்சு எபாக்ஸித் தடுப்பு, அதன் மேல் நெகிழும் பாலியூரித்தேன் பசை, பல் வைத்த கரண்டியால் முழுப் பரப்பிலும். தடுப்பும் பசையும் ஒரே தயாரிப்பாளருடையவையாக இருக்கட்டும், இல்லையேல் நாளை ஏதேனும் விட்டுப்போனால் ஒருவர் மற்றவரைக் கை காட்டுவார்.

திருத்தமாகச் சொல்வதானால், 130-க்கு 19 என்ற திடமான பலகையை நேரடியாக ஒட்டுவது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தடிமனில் பலகை சற்று வளைந்திருந்தாலும் தளத்தோடு படியாது, பசை பிடிக்கும்வரை மேலே பாரம் ஏற்றி வைக்க வேண்டியிருக்கும். இந்த முறைக்கு 14 மி.மீ. தடிமனே ஏற்றது. மெல்லிய பலகையை எதிர்காலத்தில் மீண்டும் இழைக்க முடியாது என்று பயப்படுவோர் உண்டு. இழைக்கக் கிடைப்பது நாக்குக்கு மேலே இருக்கும் மரம் மட்டுமே. 19 மி.மீ. பலகையிலும் நாக்குக்குக் கீழே உள்ள பாதியை யாரும் ஒருநாளும் தொடப்போவதில்லை.

டூங்காபிவாசி

அனைவருக்கும் மிக்க நன்றி. சோதனை முடிவுகள் வந்துவிட்டன. ஓடு, பசை இரண்டிலுமே கிரிசோடைல் வகை ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. உரிமம் பெற்றவர்கள் அறையைப் பாலித்தீனால் அடைத்து இரண்டையும் அகற்றி, காற்றையும் சோதித்துச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். இப்போது எல்லா அறைகளிலும் வெறும் கான்கிரீட்தான்.

ஈர அளவுகள்: நடைவழியில் 68, வரவேற்பறையின் நடுவில் 71, சாப்பாட்டு அறையின் தெற்குச் சுவரோரம் 84 சதவீதம். அந்தச் சுவருக்கு வெளியே போய்ப் பார்த்தபோது, முந்தைய உரிமையாளர் அமைத்த பூப்பாத்தி தளத்தின் மட்டத்துக்கு மேலே ஏறி, செங்கல் வரிசையில் விட்டிருக்கும் காற்றுத் துளைகளையும் மூடியிருந்தது. நேர்க்கோல் வைத்துப் பார்த்ததில் வரவேற்பறையின் நடுவில் ஒரு மேடு தவிர மற்ற இடங்கள் பரவாயில்லை.

மாடிப்படியின் ஒவ்வொரு படியும் 180 மி.மீ. உயரம், கார்பெட்டோடு அளந்தது. சமையலறை ஓடு கான்கிரீட்டிலிருந்து 12 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. இப்போது எந்தப் பக்கம் சாய்வது?

மறுமொழி 5 – தச்சுக்கூடம்

படியின் அளவைச் சொன்னீர்களே, அதுவே பாதி விடையைச் சொல்லிவிட்டது. எடுத்த கார்பெட்டும் அடிமெத்தையும் சேர்ந்து 18 மி.மீ. அளவுக்கு இருந்திருக்கும். படிகள் அந்த மட்டத்திலிருந்து கணக்கிடப்பட்டவை. ரீப்பர் முறையில் தரை 54 மி.மீ. உயரும், அதாவது பழைய மட்டத்தைவிட 36 கூடுதல், முதல் படி 144 ஆகச் சுருங்கிவிடும். பிளைவுட் முறையில் 34, கூடுதல் 16, முதல் படி 164. கட்டட விதிப்படி ஒரே படிவரிசையில் அடுத்தடுத்த படிகளுக்கு இடையே 5 மி.மீ.க்கு மேலும், மிக உயர்ந்த படிக்கும் மிகத் தாழ்ந்த படிக்கும் இடையே 10 மி.மீ.க்கு மேலும் வேறுபாடு இருக்கலாகாது. இதை வெறும் விதி என்று ஒதுக்க வேண்டாம். இறங்கும்போது கால் பழகிய உயரத்தை எதிர்பார்த்துத்தான் விழுகிறது, கடைசிப் படியில் தரை முன்னதாகவே வந்தால் வயதானவர்கள் தடுமாறுவார்கள். எல்லாப் படிகளையும் மரத்தால் மூடி உயர்த்திச் சரிசெய்யலாம் என்றால், மேல்தளத்து மட்டமும் இடிக்கும்.

14 மி.மீ. பலகையைப் பசையால் ஒட்டினால் மொத்தம் 16 அல்லது 17 மி.மீ. வரும். கார்பெட் இருந்த மட்டத்துக்கு ஏறக்குறைய அதே அளவு. படியில் கை வைக்கவே வேண்டாம், கதவுகளை அறுக்க வேண்டியிராது, சமையலறை ஓட்டுக்கும் பலகைக்கும் 4 அல்லது 5 மி.மீ. வேறுபாடுதான், அதை ஒரு சரிவுப் பட்டை மறைத்துவிடும். நான் பொதுவாகப் பிளைவுட்டின் பக்கம் நிற்பவன். உங்கள் வீட்டில் பிளைவுட் வேண்டாம் என்றே சொல்வேன்.

அகலத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். 130-ஐ விட்டு 80 மி.மீ.க்கு இறங்கினால் தரை நெடுநாள் அழகாக இருக்கும். சுருங்கும்போது தோன்றும் இடைவெளி பலகையின் அகலத்தைப் பொறுத்தது. குறுகிய பலகையில் அது பல மூட்டுகளில் பகிர்ந்து சிறிதாகத் தெரியும், குழிந்தாலும் ஆழம் குறைவு. அகலப் பலகை இப்போது நாகரிகம் என்பது உண்மைதான், ஆனால் ஒருமுறை 84 சதவீதம் காட்டிய தளத்தில் அகலப் பலகையை ஒட்ட நான் துணிய மாட்டேன்.

அந்த 84-ஐ எபாக்ஸியால் மூடிவிட்டுப் போகாதீர்கள். பாத்தியை வெட்டி, தளத்தின் விளிம்பு வெளியே தெரியும்படி மண்ணை இறக்கி, நிலம் வீட்டிலிருந்து வெளிப்பக்கமாகச் சரியும்படி செய்யுங்கள். கூரைத் தண்ணீர்க் குழாய் அங்கேயே கொட்டுகிறதா என்றும் பாருங்கள். விளிம்பு தெரிவது கறையான் சோதனைக்கும் அவசியம், மண் மூடியிருந்தால் கறையான் யார் கண்ணிலும் படாமல் ஏறிவிடும். பிறகு மீண்டும் அளந்து, எண் இறங்குமுகமாக இருக்கிறது என்று உறுதியான பின் தடுப்பைப் பூசச் சொல்லுங்கள். எபாக்ஸித் தடுப்புக்கும் அதன் தயாரிப்பாளர் குறித்த உச்ச ஈர அளவு உண்டு, தகவல் தாளில் அது அச்சிட்டிருக்கும். தடுப்பைச் சுவரோரம் வரை முழுமையாகப் பூச வேண்டும்.

பலகை வந்து இறங்கியதும் கராஜில் அடுக்காமல், பதிக்கப்போகும் அறையிலேயே, கட்டுகளைப் பிரித்துக் காற்றுப் புகும்படி வையுங்கள். ஈரமானியால் சில பலகைகளைக் குத்தி அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த மானிகள் டக்ளஸ் ஃபிர் மரத்துக்கு அளவிடப்பட்டவை என்பதால், ஸ்பாட்டட் கம் மரத்துக்கான திருத்தத்தைப் பட்டியலில் பார்த்துக் கூட்டியோ கழித்தோ கொள்ள வேண்டும். ஸ்பாட்டட் கம் மரத்தில் சற்று எண்ணெய்ப்பசை உண்டு, ஆகவே அந்த மரத்துக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட பசையையே வாங்குங்கள். ஒட்டிய பிறகு இரண்டு வாரமாவது விட்டுவிட்டு அதன் பின் இழையுங்கள். இழைப்பதற்கு முன்பே ஏசியை வழக்கம்போல ஓட விடுங்கள், குடியிருக்கும் காற்றில் மரம் அடங்கட்டும்.

மறுமொழி 6 – ஈரமானி

மேல்பூச்சு பற்றி யாரும் சொல்லவில்லை. நீர் அடிப்படையிலான சில பூச்சுகள் மூட்டுக்குள் இறங்கிப் பலகைகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். பிறகு ஆகஸ்டு மாத உலர்காற்றில் மரம் சுருங்கும்போது, ஒவ்வொரு மூட்டிலும் சிறிது திறப்பதற்குப் பதிலாக, ஏழெட்டுப் பலகைகள் ஒரு கட்டாக இழுத்துக்கொண்டு ஓரிடத்தில் மட்டும் பெரிய பிளவு விழும், சில சமயம் பலகையே கிழியும். அப்படி ஒட்டிக்கொள்ளாத அடிப்பூச்சு கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். வெயில் நேரே விழும் கண்ணாடிக் கதவருகே திரை போடுவதும் பயன்தரும்.

டூங்காபிவாசி

80 மி.மீ. அகலம், 14 மி.மீ. தடிமன், நேரடிப் பசை என்று முடிவு செய்துவிட்டோம். பாத்தியை வெட்டியாகிவிட்டது, மீண்டும் அளந்த பிறகுதான் பூச்சு. ஒரு கடைசி ஐயம். என் மாமியார் ஊரிலிருந்து வந்து சில மாதங்கள் தங்கப்போகிறார். வெள்ளிக்கிழமைதோறும் தரையைத் தண்ணீர் விட்டுத் துடைப்பது அவருடைய வழக்கம். சாப்பாட்டு அறையின் ஒரு மூலையில் சாமி விளக்கும் எரியும். மாவு அரைக்கும் கிரைண்டரையும் அங்கேதான் வைப்போம். ஸ்பாட்டட் கம் இதையெல்லாம் தாங்குமா?

மறுமொழி 7 – வன்னிமரம்

கடினத்தில் குறையில்லை. மரத்தின் கடினத்தைக் காட்டும் ஜன்கா அளவில் ஸ்பாட்டட் கம் 11 கிலோநியூட்டன், டாஸ்மேனியன் ஓக் அதில் பாதிதான். ஆனாலும் கிரைண்டரை இழுக்காமல் தூக்கி வையுங்கள், அடியில் ரப்பர் விரிப்பு போடுங்கள், விரிப்பின் அடியில் ஈரம் தேங்குகிறதா என்று அவ்வப்போது எடுத்துப் பாருங்கள். விளக்குக்கு அடியில் அகலமான தாம்பாளம் வைத்தால் எண்ணெய் பிரச்சினை தீர்ந்தது. தண்ணீர்தான் கண்டிப்பு. நன்றாகப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் துடைக்கலாம், வாளியைச் சாய்க்கக் கூடாது, நீராவித் துடைப்பானைப் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது. நமது வீடுகளில் செருப்பை வாசலில் விடும் வழக்கம் இருப்பதால் மணல் உராய்ந்து பூச்சு தேய்வது குறைவு, அது ஒரு வசதி. அம்மாவுக்குக் கழுவியே ஆக வேண்டும் என்றால் சமையலறை ஓடு இருக்கிறதே, அதைத் தாராளமாகக் கழுவட்டும், சரிவுப் பட்டையைத் தாண்டித் தண்ணீர் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.